கட்டைப்பையில் கிடக்கும் சார்ஜர்கள்: எதை வைப்பது, எதை விடுவது

வீட்டு ரவுட்டரின் அடாப்டர் திடீரென்று ஒரு நாள் போய்விடுகிறது. பரணில் இருக்கும் கட்டைப்பையை இறக்கிப் பார்த்தால், உள்ளே ஏழெட்டு அடாப்டர்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பழைய செட்டாப் பாக்ஸுடையது ஒன்று, பிள்ளைகள் வாசித்த கீபோர்டுடையது ஒன்று, எதனுடையது என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லாதவை மீதி. அவற்றில் மூன்று நான்கின் முனை ரவுட்டரின் துளைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிடும். ஆபத்தும் அங்கேதான். 5.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருளை முனையை 5 வோல்ட் கருவிக்கும் வைக்கிறார்கள், 9 வோல்ட் கருவிக்கும் வைக்கிறார்கள், 12 வோல்ட் கருவிக்கும் வைக்கிறார்கள். சில லேப்டாப்களுக்கு 19 வோல்ட் தருவதும் அதே அளவு முனைதான். முனை நுழைந்துவிட்டது என்று சுவிட்சைப் போட்டால், நல்ல ரவுட்டரும் கெட்டுப்போகலாம்.

இந்தப் பையை வருடக்கணக்கில் சேர்த்து வைப்பதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை. எது எதற்கு உரியது என்று தெரியாதபோது தூக்கிப்போட மனம் வராது. காசு கொடுத்து வாங்கியது, நாளைக்கே தேவைப்பட்டால் என்ன செய்வது என்ற நினைப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் வைப்பதா விடுவதா என்பதற்கான விவரம் அந்த அடாப்டரின் முதுகிலேயே அச்சாகி இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பையில் பெரும்பகுதியைத் தயக்கமில்லாமல் காலி செய்துவிடலாம்.

முதலில் பேட்டரிகள்

பையைத் தரையில் கொட்டியதும், ஒயர்களைத் தொடுவதற்கு முன் பேட்டரி உள்ள பொருட்களைத் தனியே எடுத்துவிடுங்கள். பழைய போன், பவர் பேங்க், கேமரா, ப்ளூடூத் ஸ்பீக்கர், கழற்றி வைத்த போன் பேட்டரி எல்லாம் இதில் சேரும். ஒயர் சும்மா கிடந்தால் ஒன்றும் ஆகாது. லித்தியம் அயான் பேட்டரி அப்படியல்ல, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது மெல்லச் சிதையும். உப்பிப் போன பேட்டரி என்றால் உள்ளே வாயு சேர்ந்துவிட்டது என்று பொருள். அதை அழுத்தக்கூடாது, குத்தக்கூடாது, 'இன்னும் வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று சார்ஜ் போடவும் கூடாது. எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத, வெயில் படாத இடத்தில் ஓர் உலோகப் பாத்திரத்தில் மணலைப் பரப்பி அதன்மேல் வைத்து, கூடிய விரைவில் மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் சேர்த்துவிடுங்கள்.

இது வீண் பயமல்ல. 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பி.எல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்தவை அவை. சார்ஜ் ஏறும்போது உள்ளே ஷார்ட் ஆகிச் சூடேறக்கூடும் என்பதுதான் குறை. நோக்கியா 1100 முதலான, அந்த நாளில் நம் ஊரில் எல்லோர் கையிலும் இருந்த போன்களில் இருந்தது இந்த பி.எல்-5சி ரகம்தான். பழைய டிராயர்களில் அது இன்றும் கிடக்கிறது.

நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியைச் சாவி, சில்லறை, திருகாணிகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். குறிப்பாக, மல்டிமீட்டரிலும் பழைய ரேடியோக்களிலும் இருக்கும் சதுர 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனைகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரு சாவி குறுக்கே விழுந்தாலே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கப் போதும். முனைகளின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள்.

பட்டன் பேட்டரியைப் பற்றி அழுத்திச் சொல்லியாக வேண்டும். குழந்தை இருக்கும் வீட்டில், டிராயரில் கிடக்கும் பொருட்களிலேயே மிக ஆபத்தானது அதுதான். கார் சாவி, எடை பார்க்கும் கருவி, சின்ன ரிமோட் இவற்றில் இருக்கும் 2032 என்ற எண்ணுள்ள வட்ட பேட்டரி 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. அந்த எண்ணே அதன் அளவு. குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவும் அதுதான். அங்கே ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, இரண்டே மணி நேரத்தில் திசுக்களைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பழைய பட்டன் பேட்டரிகளை இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பது

இனி அடாப்டர்கள். அந்தச் சாம்பல் நிறப் பொடி எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாவிட்டால், போன் கேமராவில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு வரிகள் முக்கியம். 'இன்புட்' என்பது சுவரிலிருந்து வாங்குவது, 'அவுட்புட்' என்பது கருவிக்குக் கொடுப்பது.

அவுட்புட் வரியில் முதலில் பார்க்க வேண்டியது வோல்ட். கருவியின் அடிப்பக்கத்தில் 12 வோல்ட் என்று இருந்தால் அடாப்டரிலும் 12தான் இருக்க வேண்டும். அதற்கு அடுத்தது ஆம்பியர். கருவி 1 ஆம்பியர் கேட்டால் அடாப்டரில் 1 இருக்கலாம், 2 இருக்கலாம், 3கூட இருக்கலாம். அதைவிடக் குறைவாக மட்டும் இருக்கக்கூடாது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகத்தோடு குழாயில் தண்ணீர் இறங்கும். வோல்ட் அந்த உயரம். தொட்டியிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் தர முடியும் என்பது ஆம்பியர். தொட்டி பெரிதாக இருப்பதால் வீட்டுக்குள் வெள்ளம் வராது, குழாயைத் திறக்கும் அளவுக்குத்தான் வரும். அதனால் 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரை 12 வோல்ட் 1 ஆம்பியர் ரவுட்டருக்குத் தாராளமாகப் போடலாம். தலைகீழாகப் போட்டால் அடாப்டர் திணறிச் சூடாகும், ரவுட்டர் அடிக்கடி அணைந்து அணைந்து எரியும். ஆம்பியருக்குப் பதில் மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 500 மில்லி ஆம்பியர் என்பது அரை ஆம்பியர்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது ஒரு சின்னப் படம். வோல்ட் எண்ணின் பக்கத்தில் ஒரு நேர்க்கோடும் அதன் கீழே மூன்று சிறு கோடுகளும் இருந்தால் அது டி.சி. அலைபோல் நெளிந்த கோடு இருந்தால் ஏ.சி. பழைய மோடம்கள் சிலவற்றின் அடாப்டர்கள் ஏ.சி.யாகவே வெளியே விடுபவை. அவற்றை டி.சி. கருவியில் செருகவே கூடாது. டி.சி. குறியின் பக்கத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம், இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகள் என்று இன்னொரு படம் இருக்கும். முனையின் நடுவில் பிளஸ்ஸா, வெளிவளையத்தில் பிளஸ்ஸா என்பதைச் சொல்வது அது. ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் போன்றவற்றில் பெரும்பாலும் நடுவில்தான் பிளஸ். கேசியோவின் பழைய கீபோர்டுகளிலும் கிதார் பெடல்களிலும் நடுவில் மைனஸ். கீபோர்டின் அடாப்டரும் ரவுட்டரின் அடாப்டரும் ஒரே 9 வோல்ட்டாக இருந்தும் ஒன்றுக்கு ஒன்று ஆகாமல் போவது இதனால்தான்.

கையில் எடுத்தால் கனமாக, செங்கல் துண்டுபோல் இருக்கும் பழைய அடாப்டர்களுக்குள் இரும்புத் தகடும் செம்புக் கம்பியும் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அவற்றில் பலவற்றில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கிடையாது. 12 என்று எழுதியிருந்தாலும், கருவி குறைவாக மின்சாரம் இழுக்கும்போது 16 வோல்ட்டைக்கூடத் தாண்டும். அதோடு பிறந்த கருவி இன்னும் வீட்டில் ஓடினால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் அதை மாற்றாகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் இருந்தால், முனையில் வரும் வோல்ட்டையும் பிளஸ், மைனஸையும் நீங்களே பார்த்துவிடலாம்.

இன்புட் வரியைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். அடாப்டரில் 100–240 என்று இருந்தால் எந்த நாட்டிலும் ஓடும். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த சார்ஜரில் மூன்று தட்டைப் பின்கள் இருக்கும். வோல்ட் அளவில் சிக்கல் இல்லை, பின் மாற்றி ஒன்று போதும். அமெரிக்காவிலிருந்து வந்தவற்றில்தான் கவனம் வேண்டும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜர்கள் 240 வரை தாங்கும். ஆனால் அங்கிருந்து ஆசையாகக் கொண்டுவந்த ஹேர் டிரையரிலோ ரைஸ் குக்கரிலோ 120 என்று மட்டும் எழுதியிருந்தால், பின் மாற்றியைப் போட்டு நம் பிளக்கில் செருகியதுமே கருகிவிடும். அதைப் பையில் வைத்திருப்பதே விபத்துக்கு இடம் கொடுப்பது. அறியாமல் யாராவது ஒரு நாள் செருகுவார்கள்.

இந்தியாவில் விற்கும் அடாப்டர்களுக்கு, 2012இல் தொடங்கிய கட்டாயப் பதிவு முறைப்படி, இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு வேண்டும். முத்திரையோடு ஒரு ஐ.எஸ். எண்ணும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும். முத்திரையும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை, எடையும் இல்லை என்கிற சார்ஜரை வைத்திருக்க ஒரு காரணமும் கிடையாது. 230 வோல்ட்டையும் உங்கள் கையையும் பிரித்து வைப்பது அதற்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான். மலிவுச் சரக்கில் முதலில் கைவைப்பது அந்தப் பாதுகாப்பில். உடல் விரிசல் விட்டது, பின் ஆடுவது, ஒயர் கழுத்தில் டேப் சுற்றியது, கருகல் வாடை வருவது இவையும் அதே வரிசையில் வெளியேற வேண்டியவை.

போன் சார்ஜர்களின் கணக்கு வேறு

வட்ட முனை அடாப்டருக்குச் சொன்ன கண்டிப்பு யூ.எஸ்.பி. சார்ஜர்களுக்குப் பொருந்தாது. அவை எல்லாமே முதலில் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். அதிவேக சார்ஜர் 9 வோல்ட்டோ 20 வோல்ட்டோ கொடுக்க வேண்டுமானால், போனும் சார்ஜரும் முதலில் தமக்குள் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். போன் கேட்காவிட்டால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். அதனால் லேப்டாப்பின் 65 வாட் டைப் சி சார்ஜரைப் பழைய போனில் போட்டால் போன் வெடித்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஒப்போ, ஒன்பிளஸ், ரியல்மி போன்களின் அதிவேக முறை மட்டும் அவர்களுக்கே உரியது. அந்தச் சார்ஜரும் அதோடு வந்த கேபிளும் சேர்ந்திருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். அவற்றைப் பிரிக்காமல் ஒன்றாகக் கட்டி வையுங்கள்.

ஏன் இத்தனை விதமான முனைகள் சேர்ந்தன என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் நோக்கியாவிலேயே தடித்த பின், சின்ன பின் என்று இரண்டு. மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். 2009இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் பெரிய போன் கம்பெனிகள் மைக்ரோ யூ.எஸ்.பி.க்கு வர ஒப்புக்கொண்டன. ஆப்பிள் 2012இல் ஐபோன் 5 முதல் லைட்னிங் முனையைக் கொண்டுவந்தது. 2014இல் டைப் சி வரையறை வெளியானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல் டைப் சி கட்டாயம். அதற்கு முன்பே, 2023இல் வந்த ஐபோன் 15 டைப் சி-க்கு மாறிவிட்டது. இந்தியாவிலும் பி.ஐ.எஸ். 2023 தொடக்கத்தில் டைப் சி-க்கான தரநிலையை வெளியிட்டது. ஆக, இனி வாங்கும் பொருள் எல்லாம் டைப் சி பக்கம்தான் போகும். உங்கள் வீட்டில் சின்ன பின் நோக்கியா ஓடவில்லை என்றால் சின்ன பின் சார்ஜருக்கு இனி வேலை வராது.

இந்தச் சார்ஜர்களில் பல நம் ஊரிலேயே பிறந்தவை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலையின் வளாகத்திலேயே சால்காம்ப் என்ற ஃபின்லாந்து நிறுவனம் சார்ஜர் செய்துவந்தது. நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. பூட்டிக் கிடந்த அந்த இடத்தை எடுத்துக்கொள்வதாக 2019இல் அறிவித்ததும் அதே சால்காம்ப்தான். போன் செய்த இடத்தில் இன்று சார்ஜர்.

வைத்துக்கொள்ள வேண்டிய எண்ணிக்கைக்கு என் கணக்கு எளிது. தினமும் சார்ஜ் போடும் ஆளுக்கு ஒன்று, வீட்டுக்குப் பொதுவாக உதிரி ஒன்று, பயணப் பையில் நிரந்தரமாக ஒன்று. அரை ஆம்பியர், முக்கால் ஆம்பியர் என்று எழுதியிருக்கும் பழைய சார்ஜர்களை இன்றைய போனில் போட்டால் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். அவை போகலாம்.

கேபிளின் உள்ளே என்ன இருக்கிறது

சார்ஜரில் எழுத்தாவது இருக்கிறது. யூ.எஸ்.பி. கேபிளில் அதுவும் பெரும்பாலும் இருக்காது. வெளியே ஒன்றுபோல் தெரியும் இரண்டு டைப் சி கேபிள்கள் உள்ளுக்குள் முழுக்க வேறாக இருக்கலாம். சில மலிவுக் கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டுமே உண்டு, தகவல் போகும் கம்பிகளே கிடையாது. போன் சார்ஜ் ஆகும், ஆனால் கம்ப்யூட்டரில் மாட்டினால் போன் இருப்பதே தெரியாது. இரு பக்கமும் டைப் சி உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டுமானால் முனைக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். லேப்டாப்போடு வந்த தடித்த டைப் சி கேபிளில் அது இருக்கலாம் என்பதால் அந்தக் கேபிளை போன் கேபிள்களோடு கலந்துவிடாதீர்கள்.

மோசமான கேபிள் சார்ஜ் ஏறாமல் போவதோடு நிற்காது. கூகுளில் பொறியாளராக இருந்த பென்சன் லியூங் 2015இன் இறுதியில் இணையத்தில் விற்ற டைப் சி கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதிக்கத் தொடங்கினார். பல கேபிள்கள் தரநிலைப்படி இல்லை. 2016 தொடக்கத்தில் ஒரு கேபிளில் மின்கம்பியும் கிரவுண்டு கம்பியும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. மாட்டியதுமே அவருடைய லேப்டாப் பழுதாகிவிட்டது.

வீட்டில் சோதிப்பது எளிது. போனைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கேபிளாக மாட்டி ஒரு படத்தை நகலெடுத்துப் பாருங்கள். படம் நகர்ந்தால் தகவல் போகும் கேபிள், அதில் ஒரு வெள்ளை டேப் ஒட்டிவிடுங்கள். நகராவிட்டால் அது சார்ஜுக்கு மட்டும். லேசாக அசைத்தாலே சார்ஜ் விட்டுவிட்டு ஏறுகிறதா, அதை அப்போதே ஒதுக்கிவிடுங்கள்.

அவசரப்பட்டு எறியக்கூடாத ஒரு சிறு கூட்டமும் இந்தச் சிக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே மாட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் அகலமான முனையுள்ள கேபிள், பழைய டிஜிட்டல் கேமராவோடு வந்த வேறெதற்கும் பொருந்தாத கேபிள், மினி டிவி கேசட் போட்ட வீடியோ கேமராவின் ஃபயர்வயர் கேபிள் மூன்றும் அதில் சேரும். இவற்றின் மறுமுனையில் உங்கள் வீட்டுக் கல்யாணமும் பிள்ளைகளின் முதல் பிறந்தநாளும் இருக்கின்றன. கேபிள் போனால் அவற்றை வெளியே எடுப்பது கடினமாகிவிடும். அதனால் முதலில் படங்களையும் வீடியோக்களையும் கணினிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் நகல் வையுங்கள். அதற்குப் பிறகு கேபிளையும் கேமராவையும் என்ன செய்தாலும் கவலையில்லை. டேப்பிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் உள்ளவை நாள்பட அழியக்கூடியவை. இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்றவற்றை வேகமாகவே பார்க்கலாம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஒயர் பழைய டி.வி.டி. பிளேயருக்கு. பிளேயர் இல்லையென்றால் ஒயரும் வேண்டாம். நீல நிற, 15 பின் கொண்ட வி.ஜி.ஏ. கேபிள் பழைய மானிட்டருக்கும் பள்ளிக்கூடப் புரொஜக்டருக்கும்தான். எச்.டி.எம்.ஐ. ஒன்று உதிரியாக இருக்கட்டும். லேண்ட்லைன் ஒயரும் அதைவிடச் சற்றுப் பெரிய முனையுள்ள லேன் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். லேன் கேபிளின் மேலுறையில் கேட் 5இ, கேட் 6 என்று அச்சிட்டிருக்கும். ஒன்றை வையுங்கள்.

பவர் கார்டில் மட்டும் சற்று நிற்க வேண்டும். கம்ப்யூட்டர் மானிட்டருக்கு வரும் மூன்று துளை ஒயர், சில எலக்ட்ரிக் குக்கர்களிலும் கெட்டில்களிலும்கூட நுழைந்துவிடும். மானிட்டருக்கான ஒயர் மெல்லியது. ஆயிரத்துச் சொச்சம் வாட் இழுக்கும் சமையல் கருவியை அதில் தினமும் ஓட்டினால் ஒயர் சூடாகி, உறை இளகும். 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்குக் கிடைக்கக்கூடியது 1380 வாட்தான். சமையல் கருவியின் ஒயரில் 'குக்கர்' என்றே எழுதிக் கட்டி வையுங்கள்.

சமையலறை உதிரிகள்

அதே பையில் குக்கர் கேஸ்கட், விசில் வெயிட், மிக்ஸி ஜாரின் கப்ளர், கிரைண்டர் பெல்ட், ஃபேன் கண்டென்சர், டியூப் லைட் ஸ்டார்ட்டர் இவையும் இருக்கும். ரப்பரால் ஆனவை வயதாகும். கேஸ்கட்டை வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தாலோ மேலே மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ அதைக் குக்கரில் போடக்கூடாது, புதிதாக இருந்தாலும். குக்கர் விஷயத்தில் வேறு கம்பெனியின் வெயிட்டையோ சேஃப்டி வால்வையோ பொருந்துகிறது என்று போடுவது ஆபத்து. அந்த வெயிட்டின் எடையை வைத்துத்தான் உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எல்.இ.டி.க்கு மாறிவிட்ட வீட்டில் ஸ்டார்ட்டரும் சோக்கும் பயனற்றவை. பழைய டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைக்காமல் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுங்கள். எதைத் திறக்கும் என்று தெரியாத சாவிகளை வீட்டிலுள்ள எல்லாப் பூட்டுகளிலும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, மீந்தவற்றை இரும்புக் கடைக்குத் தந்துவிடலாம்.

எங்கே கொடுப்பது

இதுவரை ஒதுக்கியவற்றில் வேலை செய்பவையும் செத்தவையும் கலந்திருக்கும். இரண்டையும் பிரியுங்கள். வேலை செய்யும் 12 வோல்ட் அடாப்டர், லேப்டாப் சார்ஜர் ஆகியவற்றுக்கு மதிப்பு இருக்கிறது. தெருமுனையில் மொபைல், டி.வி. சரிசெய்யும் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பாடத்துக்கு 5, 9, 12 வோல்ட் அடாப்டர்கள் எப்போதும் தேவைப்படும். கொடுக்கும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரு டேப்பில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். போன், பென் டிரைவ், மெமரி கார்டு என்றால் உள்ளே இருப்பதை அழித்து, சிம்மைக் கழற்றிய பிறகே கைமாற வேண்டும்.

செத்தவை மின்னணுக் கழிவு. அடாப்டரின் முதுகில், குப்பைத் தொட்டியின்மேல் பெருக்கல் குறி போட்டிருக்கும் படத்துக்கு அர்த்தம் இதுதான்: வீட்டுக் குப்பையோடு சேர்க்காதே. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவற்றைத் தயாரித்தவர்களுக்கே மறுசுழற்சிப் பொறுப்பும் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் இணையதளங்களிலும் சர்வீஸ் சென்டர்களிலும் திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கேட்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. ஒரு வீட்டுக் கழிவுக்காக அவர்கள் வர மாட்டார்கள் என்றால், அடுக்குமாடிக் குடியிருப்போ தெருவோ சேர்ந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் திரட்டினால் வர வாய்ப்பு அதிகம்.

காயலான் கடையில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். பழுதானவற்றைப் பிரித்து, ஓடுபவற்றை மறுபடி ஓட வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். சிக்கல் ஒயர்களில்தான் வருகிறது. ஒயருக்குள் செம்பு இருக்கிறது, மேலுறை பி.வி.சி. செம்பைச் சீக்கிரமாக எடுக்க எளிய வழி எரிப்பது. பி.வி.சி. எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் வெளியே வருகின்றன, பழைய ஒயர்களின் உறையில் ஈயமும் இருக்கும். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது எரிக்கும் தொழிலாளியும் பக்கத்துக் குடிசையில் இருக்கும் குழந்தையும். உறையை எரிக்காமல் உரித்தெடுப்பவரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். போகிக்கு முதல் நாள் வீட்டை ஒதுக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஒதுக்கிய ஒயரையும் பிளாஸ்டிக்கையும் விடியற்காலையில் தீயில் போடுவதை மட்டும் நிறுத்த வேண்டும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின.

உலகம் முழுவதும் 2022இல் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மீதியில் ஒரு பங்கு நம் பரண்களிலும் தூங்குகிறது.

மீந்ததை வைக்கும் முறை

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போடுங்கள். ஒயரைக் கையில் இறுக்கிச் சுற்றினால் முனையருகில் உள்ளே கம்பி ஒடியும். உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வாகச் சுற்றி, துணி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், நம் ஊர் வெயிலில் அது இளகி ஒயரோடு ஒட்டிக்கொள்ளும். யாருடையது என்று கடைசி வரை தெரியாத அடாப்டர்களை ஒரு கவரில் போட்டு, மேலே தேதியை எழுதுங்கள். அடுத்த ஆயுத பூஜைச் சுத்தத்தின்போதும் அந்தக் கவர் பிரிக்கப்படாமல் இருந்தால், பிரிக்காமலே கொடுத்துவிடலாம்.

இனி புதிதாக எந்தக் கருவி வீட்டுக்கு வந்தாலும், பெட்டியைத் திறந்த கையோடு அடாப்டரின் முதுகில் அழியாத மார்க்கரால் அதன் பெயரை எழுதிவிடுங்கள்: 'ரவுட்டர்', 'அப்பாவின் பி.பி. மெஷின்', 'டிரிம்மர்'. அந்தக் கருவி வீட்டை விட்டுப் போகும் நாளில் அடாப்டர், கேபிள், ரிமோட் மூன்றையும் அதோடு சேர்த்துக் கட்டி அனுப்புங்கள். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் சரி, தங்கை வீட்டுக்குக் கொடுத்தாலும் சரி.